கண்கட்டிக்குக் கைவைத்தியம்: குளிர்ச்சியா, சூடா?

கண்ணிமையில் ஒரு சின்னக் கட்டி எழும்பிவிட்டால் போதும், வைத்தியம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. எதிர்வீட்டு அத்தை நாமக்கட்டியை உரைத்துப் போடச் சொல்வார். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர் பூண்டைத் தேய்க்கச் சொல்வார். பால் ஊற்ற வருபவர்கூட, "உடம்புச் சூடுங்க, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகளின் உலகத்தில் இதற்குக் காரணமே வேறு: தெருநாய் மலம் கழிப்பதைப் பார்த்தவனுக்குத்தான் கண்கட்டி வரும் என்று பள்ளிக்காலத்தில் நாங்கள் உறுதியாக நம்பினோம், கட்டியோடு வகுப்புக்கு வந்தவன் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. இத்தனை வைத்தியங்களில் உண்மையிலேயே பயன் தருவது எது, தானாகவே மறையவிருந்த கட்டிக்குப் பெயர் வாங்கிக்கொள்வது எது, கண்ணுக்கே தீங்காக முடியக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லர். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவருக்கு இது வந்துகொண்டே இருப்பதால், கண் மருத்துவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் சேர்த்துக்கொண்ட செய்திகள் கொஞ்சம் கைவசம் உள்ளன.

முதலில், கட்டி எங்கே உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இமை முடிகளின் வேர்க்கால்களை ஒட்டி, எண்ணெய் சுரக்கும் சைஸ் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பி இனத்தைச் சேர்ந்த மோல் சுரப்பிகளும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று சீழ்ப்பிடித்தால், இமை விளிம்பில் முடி முளைத்திருக்கும் இடத்திலேயே சிவந்து, பருவைப் போல மஞ்சள் முனையோடு கட்டி எழும்பும். இதைத்தான் நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். இன்னொரு வகைச் சுரப்பிகள் இமையின் உள்ளே, அதற்கு விறைப்பைத் தரும் தகட்டுக்குள், வரிசையாகச் செங்குத்தாக அமைந்திருக்கின்றன. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும் கீழிமையில் 20 முதல் 30 வரையும் இருக்கும் இவற்றை 1666-இல் விரிவாக விவரித்தவர் ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர். அதனால் இவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. நாம் இமைக்கும்போதெல்லாம் இவை கொஞ்சம் எண்ணெயைக் கண்ணீர்ப் படலத்தின் மேல் பரப்பிக் கண்ணீர் ஆவியாகிவிடாமல் காக்கின்றன. இந்த உட்சுரப்பியில் சீழ்ப்பிடித்தால் கட்டி இமையின் உட்பக்கமாக எழும்பும். வலி கூடுதலாகவும் இருக்கும், மறையக் கூடுதல் நாளும் பிடிக்கும். இரண்டு வகைக்கும் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. அது எங்கிருந்தோ வந்து தொற்றுவது அன்று. நம்மில் பலருடைய மூக்குக்குள்ளும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருப்பது. சுரப்பியின் வாய் அடைபட்டு உள்ளே எண்ணெய் தேங்கும்போது அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது.

அந்த எண்ணெயின் தன்மையில்தான் வைத்தியத்தின் சூட்சுமமும் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள சுரப்பியின் கொழுப்பு, இமையின் இயல்பான வெப்பத்திலேயே உருகி நீர்மமாக வெளிவரும். அடைபட்ட சுரப்பியில் தேங்கிய கொழுப்போ அதைவிடச் சில பாகை கூடுதலான வெப்பத்தில்தான் இளகும். மார்கழிக் காலையில் புட்டிக்குள் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெயை என்ன குலுக்கினாலும் ஊற்ற முடியாது, வெந்நீர்ச் செம்புக்குள் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் தானாக இளகி வரும்; இமைக்குள் நடப்பதும் அதுதான். ஆகவே கண்கட்டிக்குத் தேவைப்படுவது வெப்பம். இந்த ஒரு செய்தி நம் வீட்டு வைத்தியத்தில் பாதியைத் தலைகீழாக்கிவிடுகிறது, ஏனென்றால் நாம் வழிவழியாக இதைச் சூட்டினால் வந்த நோய் என்று கொண்டு குளிர்ச்சியைத்தான் தேடிப் போகிறோம்.

சூடு என்ற கருத்தை நான் கேலி செய்யவில்லை. சித்த மருத்துவத்தில் கண்ணுக்கும் பித்தத்துக்கும் உள்ள தொடர்பு நெடிய மரபுடையது; கண் நோய்களையே 96 வகையாக அது பிரிக்கிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் கண் எரிச்சலும் கட்டியும் வருவதைப் பார்த்தவர்கள் உடம்புச் சூட்டைக் காரணமாக எண்ணியது இயல்பே. ஆனால் வெயில் காலத்தில் வியர்வை வழிகிறது, புழுதி பறக்கிறது, எரியும் கண்ணை அழுக்குக் கையால் கசக்குகிறோம். காரணம் தேட இவையே போதும். இளநீர், மோர், வெள்ளரிக்காய், நுங்கு ஆகியவற்றைக் கோடையில் தாராளமாகச் சாப்பிடலாம், அவை உடம்புக்கு நல்லவைதாம். அவற்றால் இமைக்குள் உறைந்த கொழுப்பு இளகப்போவதில்லை என்பது மட்டுமே நான் சொல்ல வருவது. எண்ணெய்க் குளியலுக்கும் இதே பதில்தான், ஒரு சிறு எச்சரிக்கையுடன்: தலையில் பொடுகு உள்ளவர்களுக்கு இமை ஓரத்திலும் செதில் செதிலாகப் படிந்து கட்டி வருவதுண்டு. பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. எனவே அத்தகையவர்கள் கட்டி வந்த நேரத்தில் நல்லெண்ணெயைத் தலையில் நெடுநேரம் ஊறவைப்பது அதற்குத் தீனி போடுவதாகும்.

குளிர்ச்சி வைத்தியங்களில் முதலிடம் நாமக்கட்டிக்குத்தான். திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரி கிராமத்தில் வெண்ணிறக் களிமண்ணை நீரில் கரைத்து வடித்துக் கட்டியாக்கிக் காயவைக்கும் இந்தப் பொருளுக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தனக் கல்லில் நீர் விட்டு உரைத்துக் கட்டியின் மேல் பூசினால், ஈரம் ஆவியாகும்போது சில்லென்று இருக்கும். காய்ந்து இறுகும்போது தோலை இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பில் வீக்கம் வற்றியதுபோலத் தோன்றும். முதுகிலோ தொடையிலோ வந்த கொப்புளத்தின் மேல் பூசினால் அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. கண்ணிமையில் பூசும்போது இரண்டு சிக்கல்கள் உண்டு. காய்ந்த பற்று பொடிப்பொடியாக உதிர்ந்து கண்ணுக்குள் விழுகிறது. அந்தப் பொடியோடு கண்ணைக் கசக்கினால் கருவிழியின் மேல்தோல் கீறுபடும். அடுத்தது, ஈரப் பற்று இமை ஓரத்தில் இறுகிக்கொண்டால் ஏற்கெனவே அடைபட்டிருக்கும் சுரப்பி வாய்களை இன்னும் அடைத்துவிடுகிறது. சந்தனப் பற்றுக்கும் இதே குறைதான். இருந்தாலும் பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர்கள், இமை ஓரத்தைத் தொடாமல் புருவத்துக்குக் கீழே சிறிதளவு பூசிக்கொள்ளலாம். பயன் இராது, தீங்கும் இராது.

குளிர்ச்சி மரபின் நடுவில், அதற்கு நேர்மாறான ஒரு வைத்தியமும் நம்மிடம் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் பரபரவென்று தேய்த்து, சூடு ஏறியதும் கட்டியின் மேல் வைக்கச் சொல்வார்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன். ஐரோப்பாவில் தங்க மோதிரத்தைத் தேய்த்துச் சூடாக்கிக் கண்கட்டியின் மேல் வைப்பது நாட்டு வழக்கமாக இருந்திருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற ரோமானிய எழுத்தாளரோ, சூடான ரொட்டியாலோ இளஞ்சூடாக்கிய மெழுகாலோ இமைக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்றும், அந்தச் சூடு அந்த இடம் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். இன்று கண் மருத்துவர் முதலில் சொல்வதும் ஏறக்குறைய இதுவேதான். உள்ளங்கை வைத்தியத்தின் எண்ணம் சரி, அளவுதான் போதாது. விரலில் ஏறும் சூடு சில நொடிகளுக்குமேல் நிற்பதில்லை, கழுவாத விரலாக இருந்தால் கிருமியையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

ஆகவே, செய்ய வேண்டியது வெதுவெதுப்பான ஒத்தடம். இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் சரியாகச் செய்பவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கண்ணில் வைத்தால், இரண்டு நிமிடத்துக்குள் அது ஆறி வெறும் ஈரத்துணியாகிவிடும். அப்படியே பத்து நிமிடம் வைத்திருப்பவர் உண்மையில் எட்டு நிமிடம் குளிர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் ஒரு பாத்திரத்தில் நல்ல சூட்டில் தண்ணீரை மூடி வைத்துக்கொண்டு, அல்லது ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டு, துணி ஆற ஆற மீண்டும் மீண்டும் நனைத்து மாற்ற வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை என்பதே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. பழைய வேட்டியிலிருந்து கிழித்து, சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. நாலாக எட்டாக மடித்தால் சூடும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஒரு தடவை பயன்படுத்திய துணியைத் துவைக்காமல் அடுத்த தடவைக்கோ, மற்றவர் கண்ணுக்கோ பயன்படுத்தக் கூடாது.

சூடு நெடுநேரம் நிற்க வேண்டும் என்றால், பச்சரிசியைத் துணியில் முடிந்து வாணலியில் அல்லது மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கி, மேலே ஈரத்துணி சுற்றி வைத்துக்கொள்ளலாம். அவித்த முட்டையைத் தோலோடு துணியில் சுற்றி வைக்கும் வழக்கமும் உண்டு. அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இரண்டிலும் ஒரே ஆபத்துதான். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல். ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இல்லாதது. தவிடு, கல்லுப்பு ஆகியவற்றை வறுத்து மூட்டுக்கு ஒற்றியெடுக்கும் சூட்டை அப்படியே இமைக்குக் கொண்டுபோனால் தோல் வெந்துவிடும். மைக்ரோவேவில் சூடாக்கிய துணியும் பொட்டலமும் வெளியே வெதுவெதுப்பாகத் தோன்றினாலும் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். இப்படி முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. நம் இலக்கு 40 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பம்தான். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருக்கிறது, கையை எடுக்கத் தோன்றவில்லை என்றால் அது சரியான சூடு. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த விரல்களை உடையவர்கள் சூட்டை மற்றவரைப் பார்த்துச் சொல்லச் சொல்வது நல்லது.

ஒத்தடம் முடிந்த கையோடு, கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு, மூடிய இமையை விரல் நுனியால் மெதுவாக நீவிவிடலாம்: மேலிமையானால் மேலிருந்து கீழாக, கீழிமையானால் கீழிருந்து மேலாக, எப்போதும் முடி வரிசையை நோக்கி. அழுத்த வேண்டாம், இளகிய எண்ணெய்க்கு வழிகாட்டும் அளவு போதும். அதன்பின் இமை ஓரத்தைக் கழுவ வேண்டும். அரைக் கோப்பை வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பூ சில துளிகள் விட்டுக் கலக்கி, அதில் நனைத்த பஞ்சால் இமை முடியின் வேர்ப்பகுதியைப் பக்கவாட்டில் மென்மையாகத் துடைத்து, பிறகு வெறும் நீரால் கழுவிவிட்டால் படிந்திருக்கும் செதிலும் பிசுக்கும் போய்விடும். கொதித்து ஆறிய நீராக இருப்பது நலம். இதைக் கட்டி மறைந்த பிறகும் சில வாரம் தொடர்ந்தால் மறுபடி வருவது குறையும் என்பது எங்கள் வீட்டில் கண்ட பலன்.

இனி, இமையில் பூசச் சொல்லும் பொருள்களுக்கு வருவோம். பூண்டைப் பற்றித்தான் முதலில் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நசுக்கிய பூண்டில் உண்டாகும் அல்லிசின் பாக்டீரியாவைக் கொல்லக்கூடியது என்பது ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட உண்மை. அதே பொருள் தோலைப் புண்ணாக்கவும் வல்லது என்பதும் அதே அளவு உண்மை. பச்சைப் பூண்டை அரைத்து உள்ளங்காலில் கட்டியே கொப்புளம் கண்டவர்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கிறார்கள். அதை இமையில் தேய்ப்பதும், அதன் சாறு கண்ணுக்குள் இறங்குவதும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிராம்பை உரைத்துப் போடுவதும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். பல்வலிக்கு ஈறை மரத்துப்போகச் செய்யும் காரம் கண்ணுக்கு ஆகாது. மஞ்சள் அந்த அளவுக்கு எரிக்காது, ஆனால் கடையில் வாங்கிய தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கப்படும் மோசடி இந்தியாவிலும் வங்கதேசத்திலும் பிடிபட்டிருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். கற்றாழையின் சதைப்பகுதி குளுமைதான். தோலுக்கும் சதைக்கும் இடையே வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும், அதை முழுதாகக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. பன்னீர் என்று விழாக்களில் தெளிப்பதற்காக விற்கப்படும் நீர் கண்ணில் விடத் தக்கதன்று. நந்தியாவட்டைப் பூவை நீரில் நனைத்து மூடிய கண்மேல் வைப்பது மனத்துக்கு இதம். காம்பில் கசியும் பாலை மட்டும் கண்ணருகே அண்டவிடக் கூடாது.

பால் என்றதும் எருக்கு நினைவுக்கு வருகிறது. முள் ஏறிய காலுக்கும் உடையாத கட்டிக்கும் எருக்கம்பாலை வைக்கும் பழக்கத்தில், கண்கட்டி முனையிலும் ஒரு சொட்டு வைக்கச் சொல்பவர்கள் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். இதைப்போலக் கொடிய யோசனை வேறில்லை. எருக்கம்பால் கண்ணுக்குள் போனால் கருவிழியின் உட்படலத்தை நஞ்சாகத் தாக்கும்; கருவிழி நீர்கோத்து வீங்கிப் பார்வை புகைமூட்டமாகும். அது வலியைக்கூடக் குறைத்துக் காட்டுவதால், நேர்ந்த கெடுதலின் அளவு தெரியாமலேயே நேரம் கடந்துவிடும். கள்ளிப்பாலும் கண்ணைக் கடுமையாகப் புண்ணாக்கும். இப்படி ஏதாவது பட்டுவிட்டால், குழாயடியில் நின்று குறைந்தது பதினைந்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவிவிட்டு, நேரே கண் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

தாய்ப்பாலைப் பற்றிக் கேட்காத தாய் இல்லை. அதில் நோய் எதிர்ப்புப் புரதங்கள் இருப்பது உண்மை. ஆனால் கண்கட்டி இமையின் சுரப்பிக்குள் இருக்கும் நோய், கண்ணின் மேற்பரப்பில் விட்ட பால் அங்கே போய்ச் சேராது. மார்புத் தோலில் வாழும் கிருமிகளும் பாலோடு கண்ணுக்குள் போகக்கூடும் என்பதால், குழந்தைக்குப் பாலூட்டுவதே போதுமானது. கருவிழிப் புண்ணோடு வருபவர்களிடம் நம் ஊர்க் கண் மருத்துவர்கள், "பச்சிலைச் சாறோ தாய்ப்பாலோ விட்டீர்களா?" என்று முதலிலேயே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

விளக்கெண்ணெய் ஒன்றுக்கு மட்டும் ஓரளவு நல்ல வார்த்தை சொல்ல முடிகிறது. இமை ஓர அழற்சி உள்ளவர்கள் மூடிய இமையில் சுத்தமான ஆமணக்கு எண்ணெயைப் பூசிவந்தபோது சிவப்பும் செதிலும் குறைந்ததாக நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தினர் செய்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. அது கண்கட்டிக்கான ஆய்வு அன்று; பயன்படுத்தியதும் செக்கிலிருந்து வந்து மாதக்கணக்கில் அலமாரியில் நின்ற எண்ணெய் அன்று. ஆகவே இமையின் வெளிப்புறத்தில் இரவில் மெல்லியதாகப் பூசுவது என்ற அளவோடு நிற்கலாம். பாட்டிமார் செய்தது போலக் கண்ணுக்குள் சொட்டுவிட வேண்டியதில்லை. வீட்டில் செய்யும் கண்மையைப் பற்றியும் ஒரு சொல்: விளக்குக் கரியிலிருந்து எடுத்ததே ஆனாலும், கட்டி இருக்கும்வரை எந்த மையும் வேண்டாம். வெளியில் விற்கும் சில சுர்மாக்களில் ஈயச் சல்பைடு இருப்பதால் குழந்தைகளுக்கு அவற்றை எப்போதுமே தவிர்ப்பது நல்லது. கட்டி வந்தபோது திறந்திருந்த மைப் புட்டியையும் மஸ்காராவையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதே சிக்கனம். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கட்டி ஆறும்வரை மூக்குக்கண்ணாடிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

ஒத்தடத்தின் பயனையும் நான் ஊதிப் பெருக்க விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பினர், இமையின் உட்புறக் கண்கட்டிக்கு அறுவை இல்லாத சிகிச்சைகள் எவ்வளவு பயன்படுகின்றன என்று தேடியபோது, ஒத்தடம் உட்பட எதைப் பற்றியும் தங்கள் அளவுகோலுக்கு உட்பட்ட முறையான ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. சுரப்பியின் இயல்பை அறிந்ததாலும், நெடுங்கால அனுபவத்தாலும், தீங்கு இல்லாததாலும்தான் மருத்துவர்கள் ஒத்தடத்தைச் சொல்கிறார்கள். பெரும்பாலான கண்கட்டிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தாமாகவே பழுத்து உடைந்தோ அமுங்கியோ போய்விடுகின்றன. ஐந்தாம் நாள் நாமக்கட்டி போட்டவருக்கு ஏழாம் நாள் குணமானால் பெயர் நாமக்கட்டிக்குப் போகிறது. ஆறாம் நாள் மந்திரித்தவருக்குக் குணமானால் பெயர் மந்திரத்துக்குப் போகிறது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், வீட்டு வைத்தியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "குணமாக்குமா?" என்பதைவிட "கெடுக்காமல் இருக்குமா?" என்பதாகிவிடுகிறது.

கெடுப்பதில் முதன்மையானது பிதுக்குவது. மஞ்சள் முனை தெரிந்ததும் நகத்தால் கிள்ளத் தோன்றும், ஊசியைச் சுட்டுக் குத்தத் தோன்றும், கட்டி முளைத்த இடத்து முடியைப் பிடுங்கத் தோன்றும். முடியை எடுத்துச் சீழை வடியவிடுவது மருத்துவர் சில வேளைகளில் செய்வதுதான்; தூய்மையான கருவியோடும் வெளிச்சத்தோடும் செய்வது வேறு, குளியலறைக் கண்ணாடி முன் நின்று செய்வது வேறு. பிதுக்கும்போது சீழ் வெளியே வருவதைப் போலவே உள்ளேயும் பரவும். அடுத்தது, மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. அவற்றில் பல, ஆன்டிபயாடிக்குடன் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்தவை. சிவப்பு உடனே குறைவதால் மக்களுக்குப் பிடித்துப்போகிறது. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண்ணழுத்தம் கூடிப் பார்வை நரம்பு பாதிக்கப்படவும், கண்புரை முன்கூட்டியே வரவும் வாய்ப்புண்டு.

கட்டி வலி குறைந்த பிறகும், பட்டாணி அளவில் வலியற்ற ஒரு திரட்சி இமையில் தங்கிவிடுவது உண்டு. அது கிருமியால் வருவதன்று. வெளியேற முடியாத கொழுப்பைச் சுற்றி உடம்பு கட்டிக்கொண்ட அழற்சி. அதற்கும் ஒத்தடமே முதல் வழி, ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். மேலிமையில் பெரிதாக இருந்தால் கருவிழியை அழுத்திப் பார்வையை லேசாகக் கலங்கவைக்கும். ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் கரையாவிட்டால், மரத்துப்போக ஊசி போட்டு, இமையைத் திருப்பி உட்புறமாகக் கீறி எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை, வெளியே தழும்பு தெரியாது. கத்தி என்ற சொல்லைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் கட்டியோடு திரிபவர்களைப் பார்த்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சில அறிகுறிகளைக் கண்டால் ஒத்தடத் துணியை வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வீக்கம் கட்டியைத் தாண்டி இமை முழுவதும் கன்னமும் சிவந்து பரவுவது, காய்ச்சல் வருவது, கண்ணை அசைத்தால் வலிப்பது, விழி முன்னால் தள்ளியதுபோல இருப்பது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது ஆகியவை, தொற்று இமையைக் கடந்து கண்குழிக்குள் போகிறதோ என்று ஐயுற வேண்டியவை. குழந்தைகளுக்கு இது விரைவாக முற்றும். இப்படி எதுவும் இல்லாவிட்டாலும், ஒரு வாரம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் கட்டி சற்றும் குறையவில்லை என்றால் காட்டிவிடுவது நல்லது.

திரும்பத் திரும்ப வருபவர்கள், இமையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. சர்க்கரை அளவை ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கட்டிகள் மாறி மாறி வந்த பிறகுதான் சர்க்கரை நோய் இருப்பதே தெரியவந்தவர்கள் உண்டு. பொடுகு, முகத்தில் நிலைத்த சிவப்பு, இமை முடி வேரில் காலை எழுந்ததும் காணும் செதில் ஆகியவற்றுக்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் முகம் துடைக்க ஒரே துண்டு கொடியில் தொங்குகிறது என்றால், அதை ஆளுக்கொன்றாக மாற்றித் தலையணை உறையையும் வாரத்துக்கு ஒருமுறையாவது துவைப்பது எந்தப் பச்சிலையைவிடவும் பயன்தரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அடிக்கடி கண்ணைக் கசக்கினால், கண்ணாடி தேவைப்படுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐம்பது அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஒரே இமையில், ஒரே இடத்தில், எடுத்த பிறகும் மீண்டும் மீண்டும் கட்டி வந்தாலோ, அந்த இடத்து முடிகள் உதிர்ந்துவிட்டாலோ, அதைக் கண்கட்டி என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இதே எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றும் புற்று, தொடக்கத்தில் சாதாரணக் கட்டியைப் போலவே இருக்கும். மேலை நாடுகளைவிட இந்தியாவில் இமைப் புற்றுகளில் இதன் பங்கு அதிகம். எடுத்த சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.